செஞ்சிக்குக் கிடைத்தது பாலக்காட்டுக்குக் கிடைக்குமா?

மலை முதல் கடல் வரை எல்லைக் கோட்டைகள்: இரு மாநிலங்களில் சிதறிக் கிடக்கும் ஒரே வரலாறு

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: மராட்டியர் காலக் கோட்டைகள் 12-ஐ ஒரே தொகுப்பாகச் சேர்த்து, உலகப் பாரம்பரியச் சின்னமாக 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ அறிவித்தது. அவற்றில் 11 கோட்டைகள் மகாராஷ்டிர மாநிலத்தில் உள்ளன. எஞ்சிய ஒன்று விழுப்புரம் மாவட்டத்திலுள்ள செஞ்சிக் கோட்டை. ராய்கட், பிரதாப்கட் போன்ற மலைக் கோட்டைகளும், விஜயதுர்க், சிந்துதுர்க் போன்ற கடற்கோட்டைகளும் ஒரே பட்டியலில் இடம்பெற்றன. அரபிக் கடலோரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள தொலைவோ, நடுவில் குறுக்கிடும் மாநில எல்லைகளோ தடையாகக் கருதப்படவில்லை. ஒரே அரசியல் வரலாற்றின் பகுதிகள் என்பதே அவற்றைச் சேர்த்துவைத்த காரணம்.

நிர்வாகமும் ஒரே கையில் இல்லை. அந்தப் 12 கோட்டைகளில் 8 மத்திய தொல்லியல் துறையின் பொறுப்பில் உள்ளவை; 4 மகாராஷ்டிர அரசின் தொல்லியல் இயக்ககத்தைச் சேர்ந்தவை. இரு அரசுகளும் ஒரே கோப்பில் கையெழுத்திட்டன. அந்தக் கோப்பு 2021-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறி, நான்கே ஆண்டுகளில் இறுதி அறிவிப்பாகத் திரும்பி வந்தது.

இந்த முன்னுதாரணத்தைத் தமிழக, கேரள எல்லையில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வி எழுகிறது. திண்டுக்கல் மலைக் கோட்டை, பாலக்காடு கோட்டை, சாலக்குடி வட்டாரத்தில் புதைந்து கிடக்கும் நெடுங்கோட்டை, கொடுங்கல்லூர்க் கடலோரக் கோட்டைகள், குமரி மாவட்டத்து உதயகிரி, வட்டக்கோட்டை ஆகிய அனைத்தும் 18-ஆம் நூற்றாண்டின் ஒரே அதிகாரப் போட்டியோடு பின்னிப் பிணைந்தவை. மைசூர், திருவிதாங்கூர், கொச்சி, கோழிக்கோடு, ஆங்கிலேயக் கம்பெனி ஆகிய ஐந்து தரப்புகள் அந்தப் போட்டியில் மோதின. ஆனால், இந்தக் கோட்டைகளுக்குச் செல்லும் பயணிக்கு ஒவ்வோர் இடத்திலும் ஒரு துண்டுக் கதைதான் கிடைக்கிறது. கதையின் முன்பாதி ஒரு மாநிலத்திலும் பின்பாதி மறு மாநிலத்திலும் இருப்பதே இதற்குக் காரணம்.

கணவாயின் காவல்

கோவையிலிருந்து வாளையாறு வழியாகப் பாலக்காடு சுமார் 50 கி.மீ. தொலைவு. வடக்கே நீலகிரி மலைத்தொடரும் தெற்கே ஆனைமலையும் விலகி நிற்க, நடுவே சுமார் 30 கி.மீ. அகலத்துக்கு மலை இல்லாத திறப்பு அமைந்துள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இவ்வளவு அகலமான வேறு வழி கிடையாது. மேலைக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கொங்கு நாட்டுக்கு வணிகம் நடந்ததும், 1860-களில் பேப்பூரிலிருந்து போத்தனூருக்கு ரயில் பாதை வந்ததும் இதன் வழியேதான். படைகளும் இதன் வழியே வந்தன. மலையில் வாசல் இருந்தால் அதற்குக் காவல் தேவை. அந்தக் காவல்தான் பாலக்காடு கோட்டை.

நகரின் நடுவில் நிற்கும் இக்கோட்டை, ஏறக்குறையச் சதுர வடிவில் கருங்கல் மதில்களுடன் அமைந்தது. மூலைகளிலும் பக்கங்களின் நடுவிலும் கொத்தளங்கள். சுற்றிலும் நீர் நிறைந்த அகழி. செஞ்சியைப் போல மலை ஏறி மூச்சு வாங்க வேண்டியதில்லை. சமதளத்தில் கட்டப்பட்டது என்பதாலேயே, பீரங்கிக் காலத்துக் கோட்டைக் கட்டுமானம் எப்படிச் சிந்தித்தது என்பதை இங்கே எளிதாகப் புரிந்துகொள்ளலாம். மதிலின் உயரத்தைவிட அதன் கனமும், கொத்தளங்களிலிருந்து பக்கவாட்டில் சுடுவதற்கான கோணங்களும்தான் இங்கே முக்கியம். கோட்டைக்கு வெளியே உள்ள மைதானத்தில் பாலக்காட்டின் அரசியல் கூட்டங்களும் விளையாட்டுகளும் நடைபெறுகின்றன. அகழியைச் சுற்றிக் காலை நடைக்கு வருவோர், வரலாறு அறிய வருவோரைவிட அதிகம்.

ஊரார் இதனைத் 'திப்பு கோட்டை' என்றே அழைக்கின்றனர். இன்று காணும் கோட்டையை 1766-இல் எழுப்பியவர் திப்புவின் தந்தை ஹைதர் அலி. மகனின் பெயர் நிலைத்து, தந்தையின் பெயர் மறைந்துபோனது தென்னாட்டுக் கோட்டைகள் பலவற்றுக்கும் நேர்ந்த கதைதான்.

தமிழக வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி இதற்கும் முந்தையது. ஹைதர் அலி 1755 முதல் திண்டுக்கல்லில் மைசூர் அரசின் பௌஜ்தாராக, அதாவது படைப் பொறுப்பு அதிகாரியாக இருந்தார். கோழிக்கோட்டு சாமூதிரி மன்னரின் நெருக்குதலைத் தாங்க முடியாத பாலக்காட்டு அரசர் உதவி கேட்டு ஆளனுப்பியது அந்தத் திண்டுக்கல்லுக்குத்தான். ஹைதர் 1757-இல் தமது மைத்துனர் மக்தூம் அலியின் தலைமையில் படை அனுப்பினார். சாமூதிரி பணிந்து, போர்ச் செலவாக 12 லட்சம் ரூபாய் தர ஒப்புக்கொண்டார். அந்தப் பணம் செலுத்தப்படவில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின், மைசூரின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றியிருந்த ஹைதர், அந்த நிலுவையைக் காரணம் காட்டியே மலபாருக்குள் நுழைந்தார். வந்த வழியைத் தமது கையிலேயே வைத்துக்கொள்ளக் கட்டியதுதான் இக்கோட்டை. அண்டை வீட்டுச் சண்டைக்கு அழைத்த பெரியவர் வீட்டிலேயே தங்கிவிட்டார் என்பதுதான் சுருக்கம்.

அதன் பிறகு கால் நூற்றாண்டில் கோட்டை பல முறை கைமாறியது. 1768-இல் கம்பெனிப் படையின் கர்னல் வுட் அதனைப் பிடித்தார். சில மாதங்களில் ஹைதர் மீட்டுக்கொண்டார். 1783 நவம்பரில் கர்னல் ஃபுல்லர்ட்டன் முற்றுகையிட்டுக் கைப்பற்றினார். மறு ஆண்டு மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் அது மீண்டும் மைசூரிடம் சென்றது. 1790 செப்டம்பரில் கர்னல் ஸ்டூவர்ட் பிடித்ததோடு மைசூரின் ஆட்சி முடிந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிய படையெடுப்புகளுக்கு இது ஒரு தளமாகவும் பயன்பட்டது. பின்னர் பிரிட்டிஷ் ஆட்சியில் வட்டாட்சியர் அலுவலகமும், நெடுங்காலம் கிளைச் சிறையும் கோட்டைக்குள் செயல்பட்டன. உள்ளே இருக்கும் அனுமார் கோயிலுக்கு வரும் பக்தர்களால்தான் கோட்டை வாசல் இன்றும் ஆள் நடமாட்டத்துடன் இருக்கிறது எனலாம்.

ஒரு மண் மதில் மூட்டிய போர்

பாலக்காட்டிலிருந்து அதே தேசிய நெடுஞ்சாலையில் மேற்கே சென்றால், குதிரான் மலைச் சுரங்கப் பாதையைத் தாண்டித் திருச்சூர், அடுத்து சாலக்குடி. சேலத்திலிருந்து கொச்சி வரை நீளும் இச்சாலையில் நாள்தோறும் செல்லும் தமிழகச் சரக்கு லாரிகள், தென்னிந்தியாவின் நீண்ட எல்லைச் சுவர் ஒன்றின் தடத்தைச் சாலக்குடிப் பகுதியில் குறுக்கே கடக்கின்றன. கடப்பது தெரியாது, தெரிவதற்கு அங்கே பெரிதாக ஏதும் மிஞ்சவில்லை.

நெடுங்கோட்டை என்றும், ஆங்கிலேயர் ஆவணங்களில் 'திருவிதாங்கூர் அரண் வரிசை' என்றும் குறிப்பிடப்படுவது இதுதான். மைசூர்ப் படை மலபாரை விழுங்கிய வேகத்தைக் கண்ட திருவிதாங்கூர் மன்னர் கார்த்திகைத் திருநாள் ராமவர்மா, வடக்கு எல்லையைக் காக்க இதனை எழுப்பச் செய்தார். கொடுங்கல்லூர் அருகே கடலோரத்தில் தொடங்கி ஆனைமலை அடிவாரம் வரை சுமார் 48 கி.மீ. நீளம். மண்ணாலும் கல்லாலும் ஆன மேடு, அதற்கு முன்னால் சுமார் 20 அடி அகலமும் 16 அடி ஆழமும் கொண்ட அகழி, அடர்ந்த மூங்கில் வேலி, இடையிடையே சிறு கோட்டைகளும் வெடிமருந்துக் கிடங்குகளும். கடலும் மலையும் இரு முனைகளில் காவல் நிற்க, நடுவில் உள்ள சமவெளியை மனிதர் அடைத்த ஏற்பாடு அது.

இதனை அமைத்தவர் ஒரு கைதி. 1741-இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனி அதிகாரி டி லனாய், பின்னர் திருவிதாங்கூரின் படைத் தலைவராகவே உயர்ந்தார். குமரி மாவட்டத்து வட்டக்கோட்டையையும் உதயகிரிக் கோட்டையையும் வலுப்படுத்திக் கட்டியவரும் அவரே. 1777-இல் இறந்த அவர் உதயகிரிக் கோட்டைக்குள் அடக்கம் செய்யப்பட்டார். அவரது கல்லறைக் கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. மலையாள மன்னருக்காகக் கோட்டை கட்டிய ஐரோப்பியருக்குத் தமிழில் கல்வெட்டு! திருவிதாங்கூரில் தமிழுக்கு இருந்த இடத்தைச் சொல்ல இதற்கு மேல் சான்று தேவையில்லை.

நெடுங்கோட்டையின் சிக்கல் அதன் கட்டுமானத்தில் இல்லை. அது நின்ற நிலத்தில் இருந்தது. அந்த நிலத்தின் ஒரு பகுதி கொச்சி அரசுக்கு உரியது. கொச்சியோ மைசூருக்குத் திறை செலுத்திவந்தது. 'எனக்குக் கட்டுப்பட்ட அரசின் மண்ணில் நீ எப்படிச் சுவர் எழுப்பலாம்?' என்பது திப்பு சுல்தானின் வாதம். இந்நிலையில் 1789 ஜூலை 31 அன்று, கடல் முனையில் டச்சுக்காரர்கள் வைத்திருந்த கொடுங்கல்லூர்க் கோட்டையையும் பள்ளிப்புரம் கோட்டையையும் திருவிதாங்கூர் விலைக்கு வாங்கிக்கொண்டது. அவையும் கொச்சி மண்ணே என்பதால் அந்த விற்பனை செல்லாது என்றார் திப்பு. உடைமைப் பத்திரம் யாருடையது என்ற வழக்கு, படைகளால் விசாரிக்கப்பட்டது.

1789 டிசம்பர் 29-ஆம் நாள் திப்புவின் படை நெடுங்கோட்டையைத் தாக்கியது. முதல் தாக்குதல் பெரும் சேதத்துடன் முறியடிக்கப்பட்டது. 1790 ஏப்ரலில் பீரங்கிகளுடன் திரும்பி வந்து மதிலை உடைத்த மைசூர்ப் படை, அகழியைத் தூர்த்தது; அரணைப் பெரும்பகுதி தகர்த்தது; கடலோரக் கோட்டைகளையும் நெருங்கியது. ஆலுவாயை எட்டிய நிலையில் பருவமழையும், கம்பெனிப் படை கிளம்பிவிட்டது என்ற செய்தியும் திப்புவைத் திருப்பின.

மங்களூர் உடன்படிக்கையில் திருவிதாங்கூர் கம்பெனியின் நட்பு அரசாகக் குறிக்கப்பட்டிருந்தது. ஆகவே இந்தத் தாக்குதலைக் காரணமாக்கி மூன்றாம் மைசூர்ப் போரைத் தொடங்கினார் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். 1792-இல் போர் முடிந்தபோது திப்பு இழந்தவற்றில் மலபார் மட்டுமல்லாது திண்டுக்கல்லும், சேலம் வட்டாரத்தை உள்ளடக்கிய பாராமகாலும் இருந்தன. சாலக்குடி ஆற்றங்கரையில் ஒரு மண் மதிலுக்காக எழுந்த சண்டை, தமிழகத்தின் வடமேற்கு மாவட்டங்களைக் கம்பெனியின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. நமது பள்ளிப் பாடநூல்களில் இந்தப் போரின் முடிவு படிக்கக் கிடைக்கும். தொடங்கிய இடம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

இன்று நெடுங்கோட்டையைத் தேடிச் செல்பவருக்கு வழிகாட்டுவன பெரும்பாலும் ஊர்ப் பெயர்களே. கிருஷ்ணன்கோட்டை, கோட்டமுறி, கோனூர் கோட்டைவாதில் போன்ற பெயர்கள் அதன் தடத்தில் நிற்கின்றன. மலையாளத்தில் 'வாதில்' என்றால் வாசல். 'முறி' என்றால் வெட்டு. கோட்டை போய்விட்டது, வாசலும் வெட்டும் பெயரில் தங்கிவிட்டன. நம் கோவையிலும் இதே நிலைதான். கோட்டை இல்லை, கோட்டைமேடு இருக்கிறது. கடல் முனையில் நிலைமை சற்று மேல். கொடுங்கல்லூர்க் கோட்டப்புறத்தில் இடிபாடுகளையும், வைப்பின் தீவின் வட முனையில் போர்த்துக்கீசியர் அறுகோண வடிவில் கட்டிய பள்ளிப்புரம் கோட்டையையும் கேரள அரசின் தொல்லியல் துறை பாதுகாத்துவருகிறது. முசிறி பாரம்பரியத் திட்டத்தின் பயணப் பாதையிலும் இவை சேர்க்கப்பட்டுள்ளன.

மலையே கோட்டையான இடுக்கி

பாலக்காட்டில் மலை இல்லாததால் கோட்டை தேவைப்பட்டது. இடுக்கியில் மலையே கோட்டை. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என ஏற்றங்களே இங்கே வாசல்கள். பெரும் மதில்களையும் அகழிகளையும் தேடி இங்கு வரும் பயணி ஏமாற்றம் அடையக்கூடும். ஆனால் எல்லை என்பது எவ்வளவு பிற்காலத்துக் கோடு என்பதை இந்த மாவட்டத்தைப் போல எடுத்துச் சொல்லும் இடம் வேறில்லை. இம்மலைகளின் பெரும் பகுதியை ஆண்ட பூஞ்ஞாறு அரச குடும்பம் தன்னைப் பாண்டியர் வழி என்று கூறிக்கொண்டது. பூஞ்ஞாற்றில் மதுரை மீனாட்சிக்குக் கோயில் உண்டு. உடுமலையிலிருந்து மூணாறு செல்லும் வழியில் உள்ள மறையூர், காந்தளூர் முதலான அஞ்சுநாட்டு ஊர்களின் பழங்குடும்பங்கள் தங்கள் முன்னோர் மதுரைப் பக்கமிருந்து வந்தவர்கள் என்றே சொல்கின்றன. மறையூர்ப் பாறைகளின் மேல் நிற்கும் பெருங்கற்காலக் கல்லறைகள் இந்த எல்லா அரசுகளுக்கும் மூத்தவை.

1955-இல் அறிக்கை அளித்த ஃபசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்பு ஆணையம், தமிழர் பெரும்பான்மையாக வாழ்ந்த தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துக்குத் தர மறுத்தது. தோட்டத் தொழிலுக்கு வந்து குடியேறியோரே அந்தப் பெரும்பான்மைக்குக் காரணம் என்ற வாதம் அங்கே எடுபட்டது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் 1956 நவம்பர் 1 அன்று நம்முடன் சேர்ந்தன. அதே நாளில், அதுவரை சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடு கேரளத்துக்குச் சென்றது. அதாவது, பாலக்காடு கோட்டை ஒன்றரை நூற்றாண்டுக் காலம் சென்னையிலிருந்து நிர்வகிக்கப்பட்டது. உதயகிரியும் வட்டக்கோட்டையும் அதே காலத்தில் திருவனந்தபுரத்துக்கு உட்பட்டிருந்தன. இடம் மாறியவை கோடுகளே. கோட்டைகள் நின்ற இடத்தில்தான் நின்றன.

அந்தக் கோடு இன்றும் உறுத்தும் இடம், குமுளிக்கு மேலே பெரியாறு புலிகள் காப்பகத்தின் உச்சியில் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயில். சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்கு எடுத்த கோட்டம் இதுவே என்ற கருத்தை 1960-களில் முன்வைத்தவர் தமிழறிஞர் சி. கோவிந்தராசனார். சிதைந்த கருங்கல் கட்டடங்கள், சுற்றிலும் புல்வெளி மலை, கிழக்கே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழே. காவல் கோபுரம் கட்ட நினைக்கும் எந்தப் படைத் தலைவனும் இந்த இடத்தைத் தேர்ந்திருப்பான்.

ஆண்டில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும், தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்களின் கூட்டு ஏற்பாட்டில் பக்தர்கள் அனுமதிக்கப்படுகின்றனர். குமுளியிலிருந்து சுமார் 14 கி.மீ. காட்டுப் பாதையில் ஜீப்பில் செல்ல வேண்டும். தமிழகப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம். கோயில் எந்த மாநிலத்தில் உள்ளது என்பதில் இரு அரசுகளுக்கும் கருத்து வேறுபாடு நீடிக்கிறது. பிரிட்டிஷ் கால நில அளவை ஆவணங்களைத் தமிழகத் தரப்பு சான்றாகக் காட்டிவருகிறது. கேரள அரசு 2022 நவம்பர் 1 அன்று தொடங்கிய மின்னணு மறு நில அளவைப் பணி, தேனி மாவட்ட எல்லையோர விவசாயிகளிடையே கவலையை எழுப்பியதற்கும் இந்தப் பழைய வழக்குகளே பின்னணி. இந்தச் சச்சரவில், கோயிலின் கற்கள் சரிந்து கிடப்பது இரண்டாம் பட்சமாகிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது?

தில்லியில் இப்பொருள் பேசப்படும்போதெல்லாம் 'இது மாநிலப் பொறுப்பு' என்ற பதிலும், மாநிலத் தலைநகர்களில் 'இது மத்திய அரசின் பொறுப்பு' என்ற பதிலும் கிடைப்பது வழக்கம். அரசியல் சாசனம் இதில் குழப்பம் வைக்கவில்லை. தேசிய முக்கியத்துவம் வாய்ந்தவை என நாடாளுமன்றச் சட்டத்தின் வழி அறிவிக்கப்பட்ட சின்னங்கள் மத்தியப் பட்டியலின் 67-ஆவது இனம். மற்ற பழஞ்சின்னங்கள் மாநிலப் பட்டியலின் 12-ஆவது இனம். தேசிய முக்கியத்துவம் பெறாத தொல்லியல் களங்கள் பொதுப் பட்டியலில், 40-ஆவது இனமாக உள்ளன. காடுகளும் 1976-இல் 42-ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு வந்துவிட்டன. எனவே, பாலக்காடு கோட்டை தில்லியின் கையில். பள்ளிப்புரம் திருவனந்தபுரத்தின் கையில். மங்கலதேவி காட்டுச் சட்டத்தின் கையில். நெடுங்கோட்டையின் எச்சங்களோ பெரும்பாலும் தனியார் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் கரைந்து கிடக்கின்றன.

தில்லியின் கையில் இருப்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013-இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அளித்த அறிக்கை, நேரில் ஆய்வு செய்யப்பட்ட 1,655 சின்னங்களில் 92 காணாமற்போய்விட்டதாகக் கூறியது. பண்பாட்டுத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2022 டிசம்பரில் மீண்டும் கணக்குப் பார்த்தபோது 42 சின்னங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன. 14 நகர விரிவாக்கத்திலும் 12 அணை நீரிலும் அழிந்திருந்தன. 24 எங்கிருக்கின்றன என்றே தெரியவில்லை. 2024 மார்ச்சில் 18 சின்னங்கள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டன. மொத்தம் 3,693 சின்னங்களில் 248 இடங்களுக்கு மட்டுமே காவலர்கள் நியமிக்கப்பட்டிருந்தனர் என்பதும் அதே குழு வெளியிட்ட செய்தி. 2023 ஜனவரியில் பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு அளித்த அறிக்கையோ, தேசியப் பட்டியலில் பிரிட்டிஷ் அதிகாரிகள், வீரர்களின் கல்லறைகளும் கல்லறைத் தோட்டங்களும் மட்டும் 75 அளவில் இருப்பதாகச் சுட்டிக்காட்டியது. யார் கல்லறை என்று அருகில் வசிப்பவருக்கே தெரியாத இடங்களுக்குத் தேசிய முக்கியத்துவம் உண்டு. தென்னகத்தின் அரசியல் வரைபடத்தை மாற்றிய போர் தொடங்கிய மதிலுக்கு அது இல்லை.

இதற்கு நடைமுறைக் காரணம் ஒன்றும் உண்டு. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 2010-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, தேசியச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். நான்கு மூலை கொண்ட பாலக்காடு கோட்டைக்கு இது பொருந்தும். 48 கி.மீ. நீளக் கோட்டுக்கு இருபுறமும் 100 மீட்டர் தடை என்றால், சாலக்குடியும் அதைச் சுற்றிய கிராமங்களும் அசைய முடியாது. வீட்டுக்கு ஓர் அறை கூடுதலாகக் கட்ட முடியாத மக்கள் கோட்டையை நேசிப்பார்கள் என எதிர்பார்ப்பது நியாயமன்று. முழு நீளத்தையும் அறிவிக்க வேண்டியதில்லை. மேடும் அகழியும் தெளிவாக எஞ்சியுள்ள சில இடங்களை மாநிலச் சட்டத்தின் கீழ் எடுத்துக்கொண்டு, மற்ற இடங்களில் அடையாளக் கல் நட்டாலே போதும் என்பது இச்செய்தியாளரின் கருத்து. கேரளத்துக்கு 1968 முதல் இதற்கெனத் தனிச் சட்டம் இருக்கிறது.

இரு மாநிலங்கள் சேர்ந்து செயல்பட முடியாது என்ற வாதமும் வலுவற்றது. தமிழக மண்ணில் உள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசின் தொல்லியல் துறை 1956-க்குப் பின்னும் பராமரித்துவருகிறது. 2014 முதல் அது யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் உள்ளது. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்குச் சாலை வழியே செல்ல வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை வழியாகத் தமிழகக் காட்டைக் கடந்துதான் ஆக வேண்டும்; அங்குள்ள அணையைத் தமிழகம் இயக்குகிறது, 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி. தண்ணீருக்கு முடிந்தது, கற்களுக்கு முடியாதா?

இப்போதே பயணம் செய்ய விரும்புவோருக்கு வழி எளிது. திண்டுக்கல் மலைக் கோட்டையில் தொடங்கி, பழனி, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு. அங்கிருந்து சாலக்குடி, கொடுங்கல்லூர், பள்ளிப்புரம். திரும்பும்போது தெற்கே இறங்கிப் பத்மநாபபுரம், உதயகிரி, வட்டக்கோட்டை. ஹைதர் படை அனுப்பிய இடத்திலிருந்து டி லனாய் அடங்கிய இடம் வரை நான்கைந்து நாள்களில் பார்த்துவிடலாம். மழைக்காலத்தைத் தவிர்ப்பது நல்லது. திப்புவுக்கே அது ஒத்துவரவில்லை. மங்கலதேவிக்கு மட்டும் சித்திரை நிலவுக்காகக் காத்திருக்க வேண்டும்.

யுனெஸ்கோ விதிகளின்படி ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு பரிந்துரையையே அனுப்ப முடியும். அதற்கு முன் குறைந்தது ஓராண்டு உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றிருக்க வேண்டும். இனி முன்மதிப்பீடு என்ற கூடுதல் கட்டமும் கட்டாயமாகிறது. இந்தியாவின் வரிசையில் ஏற்கெனவே பல டஜன் இடங்கள் காத்திருக்கின்றன. எல்லைக் கோட்டைகளுக்கான கோப்பு சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ இன்று திறக்கப்பட்டாலும், அது தில்லியைத் தாண்டிப் பாரிஸ் போய்ச் சேர அடுத்த பத்தாண்டின் நடுப்பகுதி ஆகிவிடும். பத்மநாபபுரம் அந்த வரிசையில் பத்தாண்டுகளுக்கும் மேலாக நிற்கிறது.